கும்பிடுபூச்சி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பிடுபூச்சி, தயிர்க்கடைப்பூச்சி, பெருமாள் பூச்சி, இடையன் பூச்சி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மான்டிஸ் என்கிறார்கள். முன்கால்களை மடக்கிக்கொண்டு இலையோடு இலையாக நிற்கும் அதே பூச்சிதான். இதைப் பெட்டியில் வைத்து வளர்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில வருடங்களாக வளர்க்கிறேன். என் தவறால் செத்தவையும் உண்டு, அந்தக் கதைகளும் இடையிடையே வரும்.

இதை வளர்ப்பது கஷ்டமா?

அன்றாட வேலை ஐந்து நிமிடம்தான். தண்ணீர் தெளிக்க வேண்டும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரை போட வேண்டும், கீழே விழுந்த கழிவையும் இறக்கைத் துண்டுகளையும் எடுத்துப் போட வேண்டும். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, உலாவக் கூட்டிப்போக வேண்டியதும் இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். ஒன்று, இரை உயிரோடு இருக்க வேண்டும். ஈயையும் கரப்பானையும் வீட்டில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். இரண்டாவது, இது தொங்கி வாழும் பிராணி. தொங்க நல்ல இடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அது இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை. கீழே அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன்.

கடிக்குமா? விஷம் உண்டா?

விஷம் இல்லை. பெரிய இனங்கள் முன்கால் முட்களால் விரலைக் கவ்விக்கொண்டால் சுருக்கென்று இருக்கும். விரலை இரை என்று நினைத்து மெல்ல முயற்சி செய்தால்கூட லேசான கீறலோடு போகும். கவ்விவிட்டால் கையை உதறாதீர்கள், உதறினால் அதன் கால்தான் முறியும். அப்படியே அசையாமல் இருந்தால் தானாக விட்டுவிடும்.

எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

பெரும்பாலான இனங்கள் முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. ஆண் சீக்கிரம் போய்விடும், பெண் சில மாதம் கூடுதலாக இருக்கும். சூடு அதிகமாகவும் இரை தாராளமாகவும் இருந்தால் வளர்ச்சியும் வேகம், முடிவும் வேகம். குழந்தைகளுக்காக வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

முதல் தடவை வளர்க்க எந்த இனம் நல்லது?

உலகத்தில் இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் இனங்கள் இருக்கின்றன. வளர்ப்பவர்கள் கையில் புழங்குபவை சில டஜன்தான்.

ஹைரோடூலா என்ற பெரிய ஆசிய மான்டிஸில் தொடங்கச் சொல்வேன். வளர்ந்த பெண் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். கொடுத்ததைத் தின்னும், அறை வெப்பத்தில் இருக்கும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். காய்ந்து சுருண்ட இலையைப் போலவே இருக்கும் கோஸ்ட் மான்டிஸும் நல்ல தொடக்கம். சின்ன உருவம், சாது குணம்.

பூப்போல இருக்கும் ஆர்கிட் மான்டிஸ் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றில் ஈரம் குறைந்தால் தோலுரிப்பதில் சிக்கல், ஈரம் தேங்கினால் பூஞ்சை, பறக்கும் இரை மேல்தான் ஆசை. இரண்டாவது மூன்றாவது பூச்சியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கழுத்தும் காலில் இலை இலையாக விரிந்த மடிப்புகளும் உள்ள வயலின் மான்டிஸும் அப்படித்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் இனம் அது. முப்பது டிகிரிக்கு மேல் நல்ல சூடும் ஈயும் அந்துப்பூச்சியும் கேட்கும்.

தோட்டத்தில் கண்டதைப் பிடித்து வளர்க்கலாமா?

வளர்க்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு எடுங்கள். முழு இறக்கையோடு கிடைப்பது ஏற்கெனவே வாழ்வின் கடைசிப் பகுதியில் இருக்கிறது, உங்களிடம் சில வாரமோ ஒன்றிரண்டு மாதமோதான் இருக்கும். வயிறு பருத்த பெண்ணாக இருந்தால் பெட்டிக்குள் முட்டைக்கூடு கட்டிவிடும், ஒருநாள் காலையில் நூறு குஞ்சுகளோடு விழிப்பீர்கள்.

இன்னொன்று ஒட்டுண்ணி. குதிரைமயிர்ப் புழு என்று ஒன்று இதன் வயிற்றுக்குள் சுருண்டு வளரும். முதிர்ந்ததும் தண்ணீரில்தான் வெளியே வரும். தண்ணீர் தெளித்த ஒருநாள் என் பூச்சியின் பின்பக்கத்திலிருந்து கறுப்புக் கம்பிபோல ஒன்று நெளிந்து நெளிந்து வந்துகொண்டே இருந்தது. வெளியே வந்ததும் நீட்டிப் பார்த்தால் பூச்சியைவிட மூன்று மடங்கு நீளம். பூச்சி அடுத்த நாள் செத்துவிட்டது. மனிதருக்கு இந்தப் புழுவால் ஆபத்து இல்லை.

மருந்தடிக்கும் இடத்தில் இருந்த பூச்சியையும் இரையையும் எடுக்காதீர்கள். வேற்று நாட்டு இனங்களை வரவழைக்கவும் வளர்க்கவும் பல நாடுகளில் அனுமதி தேவை. அமெரிக்காவில் வேளாண் துறை அனுமதி கேட்கும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்?

உயரம் பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது, அகலம் இரண்டு மடங்காவது. இது குறைந்தபட்ச அளவு. எட்டு சென்டிமீட்டர் பூச்சிக்கு முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டி வசதியாக இருக்கும். அதற்காக அலமாரி அளவுக்கு வைத்தால் சின்னக் குஞ்சு இரையைக் கண்டுபிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். குஞ்சுக்குச் சின்ன டப்பா, வளர வளரப் பெரியது.

அளவைவிட முக்கியம் கூரை. கும்பிடுபூச்சி பெரும்பாலான நேரம் கூரையில் தலைகீழாகத் தொங்கும். ஆகவே நகம் மாட்டிக்கொள்ள அங்கே ஏதாவது வேண்டும். வலை, துணி, சொரசொரப்பான கடற்பஞ்சு எதுவானாலும் சரி. வழுவழுப்பான பிளாஸ்டிக் மூடி மட்டும் கூடாது. என் முதல் ஹைரோடூலாவை அப்படிப்பட்ட மூடி போட்ட தெளிவான டப்பாவில்தான் வைத்திருந்தேன். நடக்கிறதே, பிடித்துக்கொள்கிறதே என்று விட்டுவிட்டேன். சாதாரண நாளில் பிடித்துக்கொண்ட கால்கள் தோலுரிக்கும் நாளில் வழுக்கிவிட்டன. இப்போது எந்த டப்பா வந்தாலும் முதல் வேலையாக மூடியின் உள்பக்கம் வலையை ஒட்டிவிடுகிறேன்.

வலையிலும் ஒரு கவனம் வேண்டும். உலோக வலையில் பாத நுனி மாட்டி அறுந்துபோகும், மென்மையான துணி வலை நல்லது. காற்று குறுக்கே போய்வர இரண்டு பக்கம் துளை இருக்கட்டும். உள்ளே இரண்டு மூன்று குச்சிகளைச் சாய்வாக வையுங்கள், ஆனால் கூரைக்கு நேர் கீழே பூச்சி தொங்கி இறங்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். அலங்காரத்துக்காகச் செடியும் கொடியுமாக அடைத்துவிட்டு, தோலுரிக்கும்போது காலில் இடித்துக் கோணிப்போனதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்தால் போதும்.

நேற்றுவரை நன்றாகத் தின்றது, இன்று இரையைக் கண்டால் ஓடுகிறது. உடம்பு சரியில்லையா?

பெரும்பாலும் இல்லை. தோலுரிக்கப் போகிறது.

முதிர்ச்சி அடைவதற்குள் இது ஆறு முதல் ஒன்பது தடவை தோலுரிக்கும். வளர்ப்பவர்கள் எல்1, எல்2 என்று எண்ணுவது இதைத்தான். முட்டையிலிருந்து வந்தது எல்1, ஒருமுறை உரித்ததும் எல்2. ஒவ்வொரு தடவைக்கும் சில நாட்கள் முன்னதாகவே சாப்பாட்டை நிறுத்திவிடும். நிறம் மங்கும், கூரையில் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு அசையாது. கடைசித் தோலுரிப்புக்கு முன்னால் முதுகில் இருக்கும் இறக்கை மொட்டுகள் காற்றடைத்ததுபோல உப்பும்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது, பெட்டிக்குள் இருக்கும் இரையை வெளியே எடுப்பது. இதை அழுத்திச் சொல்கிறேன், குறிப்பாகச் சுவர்க்கோழியை. பசித்த சுவர்க்கோழி, அசைய முடியாமல் தொங்கும் மென்மையான உடம்பைக் கடித்துத் தின்னத் தயங்காது. கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் தெளியுங்கள். பெட்டியை நகர்த்தாதீர்கள், தட்டாதீர்கள்.

அப்புறம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள், அதைவிட நல்ல காட்சி இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. பின்கால்களால் கூரையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். கழுத்துக்குப் பின்னால் முதுகுத் தோல் ஒரு கோடாகப் பிளக்கும். அந்தப் பிளவு வழியாக முதுகு பிதுங்கும், பிறகு தலை, பிறகு மடங்கிய முன்கால்கள். உடம்பு எடையாலேயே மெதுமெதுவாகக் கீழே வழுக்கி வரும். நடுக்கால்களும் பின்கால்களும் ஈர நூல்போல ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். மீசையும் அப்படியே, பழைய உறைக்குள்ளிருந்து இழுபடும். கடைசியில் வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, உடம்பு முழுக்கக் காற்றில் தொங்கும். கால்கள் கெட்டிப்படும்வரை அப்படியே இருந்துவிட்டு ஓர் எக்கு எக்கி, தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டு மேலே ஏறும். வெளியே வர அரைமணி நேரம்கூட ஆகாது. கடைசித் தோலுரிப்பு என்றால் அப்போதுதான் இறக்கை விரியும். கசங்கிய துணிபோலத் தொடங்கி நீண்டுகொண்டே போகும். உயரம் மூன்று மடங்கு வேண்டும் என்பதும் கூரை வழுக்கக் கூடாது என்பதும் இந்த அரைமணி நேரத்துக்காகத்தான்.

முடிந்ததும் ஒருநாளாவது இரை போடாதீர்கள், பெரிய பூச்சிக்கு இரண்டு நாள். கை வைக்கவே வேண்டாம்.

பாதியில் விழுந்துவிட்டால்?

உடனே பார்த்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பூச்சியின் உடம்பைத் தொடாமல், பழைய தோலின் நுனியை மட்டும் இடுக்கியால் பிடித்து மறுபடி தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தோலைக் கூரையில் ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடலாம். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் உடம்பு கெட்டிப்பட்டிருக்கும், எந்த வளைவில் இருந்ததோ அந்த வளைவில். ஒரு கால் கோணினால் பெரிய விஷயமில்லை. இளம் பூச்சியில் போன கால்கூட அடுத்தடுத்த தோலுரிப்பில் சிறியதாக முளைத்து, பிறகு ஏறக்குறைய முழு அளவுக்கு வரும். முதிர்ந்ததில் முளைக்காது, அதற்குமேல் தோலுரிப்பே கிடையாதே.

இரண்டு முன்கால்களும் போய்விட்டால் இரையை நீங்கள்தான் வாயருகே கொண்டுபோக வேண்டும். உடம்பே முறுக்கிக்கொண்டு வாயும் கோணிவிட்டால் தேறாது. உறைபெட்டியில் வைத்துவிடுவதே இரக்கம் என்று பெரும்பாலான வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கும் அந்த முடிவு ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது, வழுக்கு மூடி விஷயத்தில்.

என்ன சாப்பாடு? எவ்வளவு?

எல்1, எல்2 குஞ்சுக்குப் பறக்க முடியாத பழ ஈ. இதற்காகவே வளர்த்த வகை கிடைக்கிறது, பழக்கூழில் ஈஸ்ட் தூவிய பாட்டிலில் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். நடு வயதில் வீட்டு ஈ, நீல ஈ, சின்ன அந்துப்பூச்சி. பெரியவற்றுக்குக் கரப்பான் குஞ்சு, பெரிய அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி. என் அனுபவத்தில் ஈதான் எல்லாவற்றிலும் உசத்தி. தானாகக் கூரைக்குப் பறந்து வரும், பூச்சியைத் திருப்பிக் கடிக்காது. சுவர்க்கோழியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தின்னாமல் விட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

இரையின் அளவு பூச்சியின் நீளத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. குஞ்சுக்கு தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். முதிர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. கணக்கைவிட வயிற்றைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் பசி. பலூன்போல இருந்தால் கையை நிறுத்துங்கள், அந்த நிலையில் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துபோகும்.

தின்று முடித்ததும் பூனை போலவே முன்கால்களை நக்கி, முள் முள்ளாகச் சுத்தம் செய்யும். கையால் முகத்தையும் கண்ணையும் துடைத்துக்கொள்ளும். அதை முடிக்கும்வரை அடுத்த இரையை ஏறெடுத்தும் பார்க்காது.

செத்த பூச்சியையோ இறைச்சியையோ கொடுக்கலாமா?

கீழே போட்டால் கண்டுகொள்ளாது. இது அசைவைப் பார்த்து வேட்டையாடும் பிராணி. இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும் திறன் பூச்சிகளிலேயே இதற்குத்தான் உண்டு என்று இதுவரை தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தேன்மெழுகால் குட்டிக் கண்ணாடி ஒட்டி, திரையில் முப்பரிமாணப் படம் காட்டி இதை உறுதி செய்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது. இல்லாத இரை முன்னால் நிற்பதாக நினைத்துக் காற்றில் பாய்ந்து பிடித்திருக்கின்றன! 2018-இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது. நம்மைப்போல அசையாத படத்தை ஒப்பிட்டு அல்ல, எது மாறுகிறதோ அதை மட்டும் ஒப்பிட்டுத்தான் இது ஆழத்தை அறிகிறது.

ஆகவே செத்த ஈயை இடுக்கியில் பிடித்து, முகத்துக்கு முன்னால் லேசாக ஆட்டினால் பிடித்துக்கொள்ளும். முரண்டு பிடித்தால் ஈயின் பிளந்த பக்கத்தை வாயில் தொட்டுக் காட்டுங்கள், ருசி தெரிந்ததும் வாங்கிக்கொள்ளும். ஆட்டிறைச்சி, கோழி எல்லாம் வேண்டாம். நோயாளிப் பூச்சிக்குத் தண்ணீரில் கரைத்த தேன் ஒரு துளி கொடுக்கலாம்.

தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாமா?

தேவையில்லை, குஞ்சு மூழ்கிச் சாகும். ஸ்ப்ரே பாட்டிலால் பெட்டியின் சுவரில் தெளித்தால் துளிகளைக் குடித்துக்கொள்ளும். தினமும் ஒருமுறை லேசாகத் தெளியுங்கள், அடுத்த தெளிப்புக்குள் காய்ந்திருக்க வேண்டும்.

வெப்பம், ஈரம்?

ஹைரோடூலா மாதிரி இனங்களுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50–60 சதவீதம். ஆர்கிட் மான்டிஸுக்கு ஈரம் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். பெட்டியை நேர் வெயிலில் வைத்துவிடாதீர்கள், கண்ணாடிப் பெட்டி அரைமணியில் அடுப்பாகிவிடும்.

இரண்டை ஒன்றாக வைக்கலாமா?

மறுநாள் ஒன்றுதான் இருக்கும், நல்ல கொழுகொழுவென்று. கோஸ்ட் மான்டிஸும் வயலின் மான்டிஸும் விதிவிலக்கு. ஏறக்குறைய ஒரே அளவில், வயிறு நிறைய இரையோடு இருந்தால் கூட்டமாக வாழும். அங்கேயும் இரை குறைந்தால் உத்தரவாதம் இல்லை.

ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வயிற்றின் அடிப்பக்கத்து வளையங்களை எண்ணுங்கள். பெண்ணுக்கு ஆறு, கடைசியில் ஒன்று பெரிதாக இருக்கும். ஆணுக்கு எட்டு, கடைசியில் இருப்பவை சின்னச் சின்னவை. எல்4, எல்5 வாக்கில் தெரியத் தொடங்கும், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் சுலபம். முதிர்ந்த ஆண் ஒல்லியாக, நீண்ட மீசையோடு இருக்கும், நன்றாகப் பறக்கும். பெண் குண்டு. ஆர்கிட் மான்டிஸில் வித்தியாசம் சிரிப்பு வரவைக்கும் அளவு, பெண் ஆறேழு சென்டிமீட்டர், ஆண் அதில் பாதிகூட இல்லை.

இணை சேர்ந்ததும் பெண் ஆணைத் தின்றுவிடுமாமே?

சில சமயம் தின்னும், எப்போதும் அல்ல. பட்டினி கிடக்கும் பெண்தான் பெரும்பாலும் ஆபத்து. தலை போன பிறகும் ஆண் இணைசேர்வதைத் தொடர்வது உண்மைதான். அந்த அசைவை நடத்துவது வயிற்றுப் பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சுகள், மூளை அதற்கு வேண்டியதில்லை.

இணை சேர்க்க நினைத்தால் அவசரப்படாதீர்கள். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு ஆணுக்கு இரண்டு வாரம், பெண்ணுக்கு மூன்று நான்கு வாரம் விடுங்கள். முந்தைய சில நாட்கள் பெண்ணுக்கு வயிறு முட்டக் கொடுங்கள். அன்றைக்குப் பெரிய இடத்தில் விட்டு, பெண் கையில் ஒரு பெரிய இரையைக் கொடுத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது பின்பக்கமாக ஆணை விடுங்கள். ஆண் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உறைந்து நின்று, பெண் திரும்பாத நொடியில் ஓர் அடி எடுத்து வைக்கும். பார்க்கிற நமக்குத்தான் படபடப்பு. முடிந்து இறங்கியதும் ஆணை உடனே எடுத்துவிடுங்கள்.

ஆணே இல்லை, ஆனால் முட்டைக்கூடு வைத்திருக்கிறது. குஞ்சு வருமா?

நீங்களே குஞ்சிலிருந்து வளர்த்த பெண் என்றால் பெரும்பாலும் வராது, கருவுறாத கூட்டையும் வைக்கும். முதிர்ந்ததாக வெளியிலிருந்து பிடித்து வந்தது என்றால் வர நல்ல வாய்ப்பு உண்டு. ஆணே இல்லாத இனம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் புருன்னேரியா போரியாலிஸ், எல்லாமே பெண்.

கூடு நுரையாக வந்து கெட்டிப்படும். இனத்தைப் பொறுத்துச் சில டஜன் முதல் இருநூறு வரை முட்டை இருக்கும். வெப்பமண்டல இனங்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்தில் பொரிக்கும். குளிர்நாட்டு இனங்களுக்குக் குளிர்காலம் கடந்தாக வேண்டும். கூட்டைத் தொங்கவிட்டு, பொடி வலை போட்ட டப்பாவில் வையுங்கள். சாதாரண வலைக்கண் வழியாகக் குஞ்சுகள் மணல்போல ஒழுகிவிடும். இது எனக்கு நடந்திருக்கிறது, திரைச்சீலையிலிருந்து ஒரு வாரம் பொறுக்கினேன்.

பொரித்ததும் எல்லாம் பிழைக்காது. நூறில் பத்து முதிர்ச்சிக்கு வந்தாலே நல்ல கைதான். நீங்கள் எத்தனை குஞ்சுக்குத் தனி டப்பா வைக்க முடியும் என்பதை முட்டைக்கூடு வந்த அன்றே எண்ணிப் பாருங்கள்.

கண் கறுத்துவிட்டது. குருடா?

மூன்று விதமான கறுப்பு உண்டு. இருட்டியதும் கண் முழுக்கக் கறுத்து, காலையில் பழைய நிறத்துக்கு வந்தால் அது இயல்பு, வெளிச்சம் வாங்க மாறிக்கொள்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பார்ப்பதுபோல ஒரு கறுப்புப் புள்ளி வந்தால் அது கண்மணியே இல்லை. கூட்டுக்கண்ணில் உங்களை நேராகப் பார்க்கும் அறைகள் ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் ஒரே இடத்தில் மாறாமல் இருக்கும் பழுப்புத் திட்டு காயம். கண்ணாடிச் சுவர் வழியே வெளியே போகப் பார்த்து உரசி உரசி வந்தது. வலைப் பெட்டிக்கு மாற்றுங்கள். இளம் பூச்சியாக இருந்தால் அடுத்த தோலுரிப்பில் சரியாக வாய்ப்பு உண்டு.

வாயிலிருந்து கறுப்புத் திரவம் வருவது வேறு, அது கெட்ட அறிகுறி. இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, பெட்டியைச் சுத்தம் செய்து பாருங்கள். சில பிழைக்கும்.

கையில் எடுக்கலாமா? என்னை அடையாளம் தெரியுமா?

எடுக்கலாம். மேலிருந்து பிடிக்காதீர்கள், கையை முன்னால் வைத்துப் பின்னாலிருந்து லேசாகத் தொட்டால் தானே ஏறிவரும். தரையில் உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள், விழுந்தாலும் தாழ்வாக விழும். முன்கால்களை விரித்து, இறக்கையைத் தூக்கி, உடம்பை ஆட்டிக் காட்டினால் பயந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அடையாளம் தெரிகிறது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் நமக்கு ஒரு மயக்கம் வருகிறது, அவ்வளவுதான். கையைக் கண்டு பயப்படுவது நாளாக ஆகக் குறைகிறது என்பது மட்டும் நான் பார்த்தது. பேசினால் கேட்குமா என்றும் கேட்கிறார்கள். பல இனங்களுக்கு மார்பின் நடுவில் ஒரே ஒரு காது உண்டு, 1986-இல் வெளியான கண்டுபிடிப்பு அது. வௌவாலின் கூரொலியைக் கேட்டுத் தப்பிக்கத்தான் அது, நம் பேச்சுக்கு அல்ல.

வளர்க்க முடியவில்லை, வெளியே விட்டுவிடலாமா?

அதே ஊரில் பிடித்தது என்றால் பிடித்த இடத்தில் விடுங்கள். வேற்று நாட்டு இனமாக இருந்தால் விடவே கூடாது, முட்டைக்கூட்டையும் குப்பையில் போடுவதற்கு முன் உறையவைத்துவிடுங்கள். தென்னாப்பிரிக்க இனம் ஒன்று 1978-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தென்பட்டது. அந்நாட்டு மான்டிஸ் ஆண்கள் வந்தேறிப் பெண்ணின் வாசனைக்கு மயங்கிப் போய் அதற்கே இரையாகிவிடுகின்றன. சொந்த இனம் பல இடங்களில் பின்வாங்கிவிட்டது. அமெரிக்காவுக்கு 1896 வாக்கில் போய்ச் சேர்ந்த சீன மான்டிஸ் இன்றைக்குத் தேன்சிட்டு அளவே உள்ள ஓசனிச்சிட்டுகளைக்கூடப் பிடித்துத் தின்கிறது.

வயதாகிவிட்டது. என்ன செய்யலாம்?

கடைசி வாரங்களில் பிடி தளரும், பாத நுனிகள் உதிரும், கூரையிலிருந்து விழத் தொடங்கும். இப்போது தாழ்வான பெட்டிக்கு மாற்றி, அடியில் மென்மையான துணியும் படுக்கை வசத்தில் இரண்டு குச்சியும் வையுங்கள். ஈயைத் துண்டாக்கி வாயில் தொட்டுக் கொடுங்கள். தண்ணீரைத் தூரிகை நுனியில் எடுத்து நீட்டினால் போதும். என்னிடம் இருந்த கோஸ்ட் மான்டிஸ் பெண் ஒன்று கூரையை முற்றிலும் விட்ட பிறகும் பதினோரு நாள் அப்படித்தான் இருந்தது. கடைசி நாள்வரை தூரிகை முத்தமிட வந்ததும் தலையை மட்டும் திருப்பும்.